வேதம் படித்த பூட்டன்

அமெரிக்காவில் இருந்து முன்பின் தெரியாத ஒரு மனிசி எங்கள் பூட்டனைப் பற்றி எழுதியிருக்கிறா என்று மகள் சொன்னதும் நான் செய்த முதல் வேலை, அலுமாரியைத் திறந்து ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. பொலித்தீன் பைக்குள், சேலைகளுக்கு அடியில், வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அது ஈரம் பிடிக்கிற இடம் என்று நினைத்து, திரும்பவும் சேலைகளுக்கு அடியிலேயே வைத்தேன்.

நான் அப்படித்தான். வேலைக்குப் போகமுதல் அணைத்த காஸ் அடுப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறவள். நாங்கள் வந்து குடியேறின இந்த வெளிநாட்டு நகரத்தில், நியூ லின் மாலில் இருக்கிற பேக்கரியில் பாண் வெட்டுகிற வேலை. ஏப்ரன் கட்டுமுன் அந்தப் படத்தை ஒருக்கால் பார்த்தால்தான் கை வேலைக்கு வரும். சில நாளில், இது இன்றைக்கு எடுத்த படமா நேற்று எடுத்ததா என்று அதிலும் சந்தேகம் வரும்.

அந்த நேரம் நானும் அண்ணாவும் இலங்கையில் எங்கள் ஊருக்குப் போகிற ஆயத்தத்தில் இருந்தோம். அண்ணா நகரத்தின் மற்றக் கரையில், கிளென்ஃபீல்டில் தனியாக இருக்கிறார். அண்ணி காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டது. அவருக்கு இதயத்தில் பைபாஸ் செய்திருக்கிறது. நீண்ட பயணம் இனி ஒருதரம்தான், பிறகு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒருதரத்தை எப்படிச் செலவழிப்பது என்று அண்ணா ஒரு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டம் கீறித்தான் யோசிப்பார். கம்பியூட்டரில் ஒரு அட்டவணை செய்து, மேலே ‘குடும்ப வரலாற்றுப் பயணம்’ என்று தலைப்புப் போட்டிருந்தார். எந்த நாள் எந்த உறவினர் வீடு, யாரிடம் பழைய படம் இருக்கிறது, யாரிடம் சாதகக் கட்டு இருக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. ஊர்க் கோயில் தேர்த் திருவிழா அன்றைக்கு உள்ள கட்டத்தை மட்டும் மஞ்சள் நிறம் அடித்து வைத்திருந்தார். அன்றைக்குத்தான் கல் வைக்கிற நாள்.

எங்கள் ஊர்க் கோயில் வீதியில் எங்கள் குடும்பம் கட்டின ஒரு சின்ன மடம் இருக்கிறது. அதைக் கட்டுவித்தவர் எங்கள் அப்பாவின் பூட்டன். வீட்டில் அவரை ‘வேதப் பூட்டன்’ என்பார்கள். பெரிய வேதம் படித்தவர், அந்தக் காலத்திலேயே ஊர் விட்டுப் போய்த் தங்கிப் படித்தவர், திரும்பி வந்து ஒருத்தரோடும் சேராமல் வளவின் தெற்கு மூலையில் ஒரு கொட்டிலில் தனிமையில் இருந்தவர் என்பது கதை. அந்த மூலைக்கு இன்றைக்கும் ‘பூட்டன் ஒதுக்கு’ என்றுதான் பெயர். அவருக்கு ஒரு கல் வைக்க வேண்டும், மடத்துச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. ஆசை என்று சொல்வதும் பிழை. அவர் அதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பூட்டனை வைத்துத்தான் எல்லாரும் பேச்சு வாங்கினது. கணக்கில் புள்ளி குறைந்தால், வேதம் படிச்ச பரம்பரையில் வந்த பிள்ளையோ இது என்று அப்பா கேட்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்த வருடம், வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அண்ணாவுக்குப் பள்ளிச் சோதனை வருகிறது, அதனால் நான் நின்றேன். அதை ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. அண்ணா மட்டும் சிரித்துக்கொண்டு, வேதப் பரம்பரையில் எட்டாம் வகுப்பு டொக்டர் நீ ஒருத்திதான் என்பார். இந்த வயதிலும் சொல்வார். நானும் சிரிப்பேன்.

கல்லுக்கு எழுதுகிற வாசகத்தைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினார். பூட்டனின் பெயர், தகப்பன் பெயர், அதன் கீழே ‘வேதாகம பண்டிதர்’. வேதமும் ஆகமமும் கற்றவர் என்று அர்த்தம். நல்லா இருக்கு அண்ணா என்றேன். ஊரில் கல் வெட்டுகிறவர் விசர்க் கேள்வி ஒன்று கேட்டு எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். ‘வேதாகம’ என்று சேர்த்துப் போடவோ, ‘வேத ஆகம’ என்று பிரித்துப் போடவோ என்று கேட்டிருக்கிறார். தமிழ் தெரியாதவனிடம் கல்லைக் கொடுத்துவிட்டோம் என்று அண்ணாவுக்குக் கோபம். பதில் போடாமல் விட்டிருந்தார். அந்தக் கேள்வியை அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அமெரிக்க மனிசியின் கடிதம் வந்தது.

மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று என்னுடைய மகள் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் இணையத்தளம் ஒன்றில் பூட்டனின் பெயரையும் ஊரையும் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்காமல்தான். அதைப் பார்த்து அந்த மனிசி எழுதியிருக்கிறா. நியூ இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊராம். இங்கிலாந்தில் இருக்கிறவ எப்படி அமெரிக்கா என்று கேட்டேன். அமெரிக்காவிலேயே அப்படி ஒரு பகுதி இருக்கிறது என்று மகள் மேப்பைக் காட்டினாள். பெயரிலேயே குழப்பம் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

கடிதத்தில் கடைசி வரியை மகள் வாசித்தாள். இந்த மனிதரை உங்களோடு ‘ஷெயர்’ பண்ண விரும்புகிறேன் என்று இருந்தது.

“ஷெயர் எண்டால் பங்கு,” என்றேன். “பங்கு எண்டால் காணி.”

“அம்மா, ஷீ இஸ் ஜஸ்ட் பீயிங் நைஸ்,” என்றாள் மகள். இங்கே பிறந்த பிள்ளை. ஊரில் பங்குக் கிணற்றுக்கும் பங்குப் பனைக்கும் நீதிமன்றம் ஏறி வழக்குப் பேசினதை அவள் எங்கே கண்டாள். பதில் போடாதே என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தது போல எனக்குப் பட்டது. ஸ்டேஷன் வாசலில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு ரையும் கட்டின, சமயம் பரப்ப வந்த இரண்டு அமெரிக்கப் பெடியங்கள் நின்று, வாழ்க்கையில் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர்கள் வருடக்கணக்காக அங்கே நிற்கிறவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு ஏன் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்? அந்த மனிசி அனுப்பின ஆட்களோ என்று நினைத்து மற்றப் பக்கத்து வாசலால் போனேன்.

அமெரிக்காக்காரருக்கு எங்கள் பூட்டனில் என்ன வேலை என்று அறியாமல் எனக்கு நித்திரை வராது. மகளிடம் சொன்னபோது அவள் லைப்ரரியில் இருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மனிசியின் கடிதத்தில் தேவாலயம் என்று இருந்தபடியால், ஆரம்பகால அமெரிக்காவின் சமயம் பற்றினது. வாசிச்சுப் பாருங்கோ, பயம் போகும் என்றாள். என்னுடைய இங்கிலீஷ் பாண் விற்கிற இங்கிலீஷ். ஒரு கையில் புத்தகம், மற்றக் கையில் போனில் அகராதி. ஒரு பக்கம் வாசிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும்.

தந்திரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் தொடங்கினேன். ஆனால் நியூ இங்கிலாந்தில் முதல் குடியேறின அந்தப் பழைய ஆட்களை வாசிக்க வாசிக்க எனக்கு வேறுமாதிரி இருந்தது. அவர்களுடைய கோயிலில் சிலுவையும் இல்லை, சுருவம், சிலை ஒன்றும் இல்லை, இருக்க வெறும் வாங்கு போட்ட வெள்ளைக் கட்டடம். தொடக்க காலத்தில் யேசு பிறந்த நத்தார் நாளைக் கூடக் கொண்டாட மாட்டார்களாம். கடவுள் ஆரைக் காப்பாற்றுவது என்று முதலே தெரிந்தெடுத்துவிட்டார், அதை மாற்ற முடியாது, ஆனால் அது நீயா இல்லையா என்று உனக்குச் சொல்ல மாட்டார். அதனால் ஒவ்வொரு நாளும் தங்களைத் தாங்களே சந்தேகப்பட்டுக்கொண்டு, இன்றைக்குச் செபத்தில் மனம் அலைந்ததே, அப்போ நான் இல்லையோ என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுப்பைப் படம் எடுக்கிற ஆட்கள்தான் இவர்கள் என்று நினைத்தேன். போன் இல்லாதபடியால் கொப்பியில் எடுத்திருக்கிறார்கள்.

சபையில் சேருவதும் லேசில்லை. எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, மனம் எப்படி மாறினது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் அது உண்மையோ நடிப்போ என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பல தலைமுறை பிந்தித்தான் பாதிரிமார் கப்பல் ஏறி இலங்கைக்கு, எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் வைத்து, பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெண்கள் கூடித் தையல் தைத்து விற்று, ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பெடுத்தால், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பின பெயரையும் வைக்கலாமாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஊர் விட்டுப் போய்த் தங்கிப் படித்தவர் என்று எங்கள் வீட்டில் சொன்னது காதுக்குள் கேட்டது.

மனிசியின் கடிதத்தோடு சில படங்கள் இருந்தன. அதுவரை நான் அவற்றைத் திறக்க விடவில்லை. திறந்தால் வைரஸ் வரும் என்று ஒரு பயம். இப்போது திறக்கச் சொன்னேன். அவ போகிற தேவாலயத்துப் பெட்டி ஒன்றில் கிடந்த, பாதிரிமார் இலங்கையில் இருந்து அனுப்பின பழைய பதிவுப் புத்தகத்தின் பக்கங்கள். பிள்ளைகளின் பெயர்கள். பிள்ளைக்கு வைத்த ஏதோ ஒரு அமெரிக்கக் கிழவரின் பெயருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், எங்கள் பூட்டனின் பெயர், தகப்பன் பெயர், ஊர். பக்கங்களுக்கு நடுவில் ஒரு தனித்தாள். தமிழ். இதை இங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்று மனிசி கேட்டிருந்தா.

மகளுக்குத் தமிழ் பேசினால் விளங்கும், வாசிக்க வராது. நான்தான் வாசிக்க வேண்டும். பழைய கையெழுத்து. ஒரு எழுத்துக்கும் மேலே குத்து, அதுதான் புள்ளி, இல்லை. ர எது, கால் எது என்று தெரியாது. எ, ஏ இரண்டும் ஒன்றுதான். பாண் கடைக்கு லீவு போட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக ஒரு தாளில் இறக்கினேன். உபகாரிகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சாப்பாடு நன்றாக இருக்கிறது, இங்கிலீஷ் கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளை எழுதியிருக்கிறது. அதன் பிறகு ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ‘நான வெதம படிககிறென’ என்று இருந்தது. வெதம என்றால் என்ன? ஏதாவது பழைய பாடமோ? தேத்தண்ணி வைக்க எழும்பினேன். கேத்தல் கொதிக்கிற சத்தத்தில்தான் குத்தும் நெடிலும் தன்பாட்டில் வந்து ஏறிக்கொண்டன.

வேதம் படிக்கிறேன்.

எங்கள் ஊரில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்கள். தேவாலயம், வேதக்கோயில். ஒருவன் மதம் மாறினால், வேதத்தில் சேர்ந்திட்டான் என்போம். இது தெரியாத சின்னப்பிள்ளை இல்லை. அப்படியிருந்தும், எங்கள் பூட்டன் வேதம் படித்தவர் என்றால் மட்டும் எங்களுக்கு ரிக்கு, யசுர், சாமம், அதர்வணம் என்று நாலும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வரும். வயல் உழுகிற கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ஆர் கூப்பிட்டு அந்த வேதத்தைச் சொல்லிக்கொடுத்தது என்று இத்தனை தலைமுறையில் ஒருவர் கேட்கவில்லை. அடுப்பையும் உறுதியையும் சந்தேகப்பட்ட நானும் கேட்கவில்லை.

மிச்ச இங்கிலீஷ் பக்கங்களை மகளை வாசிக்கச் சொன்னேன். பிள்ளையைச் சபையில் சேர்க்கமுதல் பலதரம் விசாரித்திருக்கிறார்கள். உண்மையில் மனம் மாறினானா, சோற்றுக்கும் படிப்புக்கும் வந்தவனா என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு சேர்த்திருக்கிறார்கள். சில வருடம் கழித்து அந்தப் பெயருக்கு மேலே ஒரு கோடு. தாயின் செத்த வீட்டில் திருநீறு பூசிக் கொள்ளி வைத்தான், சபைக்கு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னோம், வரவில்லை. அவ்வளவுதான்.

ஊரிலோ அவரை வளவின் மூலைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தனிமையில் இருந்து வேதம் படித்தவர் அல்ல. வேதம் படித்ததால் தனிமையில் விடப்பட்டவர். அந்த மனிதர்தான் பிறகு கோயில் வீதியில் மடமும் கட்டியிருக்கிறார். பக்தியில் கட்டினாரோ, தன்னைத் திரும்பச் சேர்க்கட்டும் என்று கட்டினாரோ, எனக்குத் தெரியாது.

எனக்கு வந்த கவலை இது: அண்ணா கல்லைப் பதித்துவிடுவார். அமெரிக்க மனிசி அதே படங்களை இணையத்தளத்திலும் போட்டிருக்கிறா, ஆரும் பார்க்கலாம். ஊரில் ஒருவன் பார்த்து, சோற்றுக்கு மாறினவருக்குப் பண்டிதர் பட்டமோ என்று தேர் அன்றைக்கே கேட்டால், அண்ணாவின் நெஞ்சு தாங்குமா? சொல்லாமல் விட்டால் அங்கே போய் விழுவார். சொன்னால் இங்கேயே விழுவார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, ரயில் பிடித்து, பஸ் மாறி, பாலம் கடந்து கிளென்ஃபீல்டுக்குப் போனேன்.

போனதும் மருந்து போட்டீர்களா என்று கேட்டேன்.

“நீ வந்ததும் மருந்தைக் கேட்டால் ஏதோ பிழை,” என்றார் அண்ணா. “அடுப்போ, ஆளோ?”

ஆள் என்றேன். தாளைக் கொடுத்தேன். படங்களைக் காட்டினேன். பழைய எழுத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், திரையைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நான் விரலை வைத்து வாசித்தேன். வெதம என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். அண்ணாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருநீற்றுக் கதையை மட்டும் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு, முன்பே முடிவு எடுத்து வைத்தவர் போல, அதொன்றும் பெரிய பிரச்சினை இல்லை என்றார். ‘வேதாகமம்’ என்று சேர்த்தால் பைபிளையும் குறிக்கும். ‘வேத ஆகம’ என்று பிரித்துப் போட்டால் சைவம் மட்டும்தான். பிரிக்கச் சொல்லிவிடுவோம். அந்த மனிசிக்கு ஆள் மாறிவிட்டது என்று எழுதிவிடலாம். கதை முடிந்தது.

கல் வெட்டுகிறவரின் கேள்வி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் ஏன் அதைக் கேட்டார்? ஊரில் முதலே தெரியுமோ? அண்ணாவுக்கும் முதலே தெரியுமோ? இவ்வளவு கெதியாக ஒருவருக்கு மறுமொழி வருமா? கேட்டேன்.

“அப்பா சாகக் கிடக்கேக்க பூட்டனைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னவர்,” என்றார். “நான் அதைக் காதில விழுத்தேல்லை.”

நான் மேலே நோண்டவில்லை. ஆனால் பிரிக்க வேண்டாம் என்றேன். அண்ணா சொன்ன ஒன்றை நான் வேண்டாம் என்றது அதுதான் முதல்தரமாக இருக்க வேண்டும்.

“அங்கயும் கோடு கீறி வெட்டினவை. இங்கயும் ஒதுக்கி வெட்டினவை. நாங்களும் கல்லில பிரிச்சு வெட்டுறதே அண்ணா?”

“எட்டாம் வகுப்பு டொக்டர் எனக்குப் புணர்ச்சி விதி படிப்பிக்கிறாவோ?”

“அது எட்டாம் வகுப்பிலதான் படிப்பிச்சவை,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று விளங்கவில்லை. பாணை எடுத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். உறைப்புக் காணாது என்றார். ஊரில் காலையாகியிருக்கும். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, கல் வெட்டுகிறவருக்கு அடித்து, மணி போகத் தொடங்கினதும் என்னிடம் நீட்டினார்.

“சொல்லு,” என்றார். “நீதானே வாசிச்சனி.”

என்ன சொல்வது என்று ஒழுங்கு படுத்தமுதல் அந்தப் பக்கத்தில் ஆள் வந்துவிட்டார். வயது போன குரல். நான் பூட்டனின் கல் விஷயமாகக் கதைக்கிறேன் என்றேன். வேதாகம என்று சேர்த்தே போடுங்கோ ஐயா என்றேன். ஓம் அம்மா என்றார். போனை வைக்க மனம் வரவில்லை. நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள், எங்கள் பூட்டனைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமோ என்று கேட்டேன். அண்ணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் உளிச் சத்தம் கேட்டது.

“ஒண்டுமில்லையம்மா,” என்றார். “சேர்த்தால் ஒரு எழுத்துக் குறையும். கல்லு சின்னன்.”

அண்ணாவிடம் சொன்னேன். அவர் அட்டவணையைத் திறந்து, மஞ்சள் கட்டத்துக்குள் ஏதோ அடித்தார். எட்டிப் பார்த்தேன். கடிதம் வாசிப்பது: தங்கச்சி, என்று இருந்தது. அன்றைக்கு வாசிக்க வேண்டிய தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அடுப்புப் படத்தைப் பார்த்தேன். பிறகு கல் வெட்டுகிறவரின் அந்த மௌனத்தை யோசித்தேன். எழுத்துக் குறையும் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஏன்?